பொன்முடிப் பலகையும் பதின்மூன்று எழுத்துகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் பொன்முடி. கடைசிப் பகுதியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டமும் மஞ்சும் பார்க்க நம் சங்கத்துக் குடும்பங்கள் பலமுறை போய்வந்த இடம்தான். ஆகவே அதன் அழகைப் பற்றி இந்த மலரில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஊரின் பெயரை எழுதுகிற விதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பொ, ன், மு, டி. நான்கே எழுத்து. இந்த நான்குக்குள் நம் எழுத்தின் வடிவ மாற்ற வரலாறு பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. மாற்றங்கள் வந்தபோதெல்லாம் அதைப் புழங்குகிற சனங்கள் என்ன செய்தார்கள், எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ‘பொ’. தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் முறைப்படி எகர ஒகரக் குறில்களுக்குத்தான் புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியையே விட்டுவிடுவார்கள். ‘ன்’ என்பதற்கும் அதே கதி. ஆகப் பழைய ஓலை ஒன்றில் பொன்முடி என்று எழுதியிருந்தால் அது பொன்முடியா, போனமுடியா என்பதைப் படிக்கிறவர் இடம்பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு என்று வகுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் (1680–1747) என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட செய்தி. வெளியூர்க்காரர் ஒருவர் செய்த மாற்றத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். இன்று அது மாற்றம் என்றே யாருக்கும் தெரியாது.

இனி 1978. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம், பெரியார் நூற்றாண்டு. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. முதல் ஒன்பதும் எழுத்துக்குக் கீழே வளைந்து சுழித்த தனி வடிவங்களாக இருந்தன. கடைசி நான்கும் முன்பக்கம் மேலே தூக்கிய துதிக்கையோடு இருந்தன. இந்தக் கட்டுரையிலே அந்தப் பழைய லை-யை அச்சிட்டுக் காட்டலாம் என்றால், எங்கள் கணினியில் என்ன தட்டினாலும் புதிய லை-தான் விழுகிறது. அறுபது வயதைத் தாண்டிய வாசகர்கள் கண்ணை மூடினால் தெரியும். மற்றவர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்க.

அந்தச் சமயத்தில் என் தகப்பனார் சாலைக் கம்போளத்தில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாலையில் அப்போது கடைக்குக் கடை தமிழ்தான். புதிய எழுத்தில் அச்சான பத்திரிகை வந்ததும் கடைவாசலில் நடந்த வாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “யானைக்குத் தும்பிக்கைய வெட்டிப்புட்டாங்களே அண்ணாச்சி!” என்றார் ஒருவர். “இனிமே நம்ம பிள்ளைங்க பழைய புஸ்தகத்த எப்படிப் படிக்கும்?” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கேட்டதுதான் சரியான கேள்வி: “மெட்ராஸ்ல போட்ட உத்தரவு திருவனந்தபுரத்துல இருக்க நம்மளக் கட்டுமா?” சட்டப்படி கட்டாது. ஆனால் நம் வீடுகளுக்கு வரும் பத்திரிகையும் நாவலும் காலண்டரும் அங்கிருந்துதான் அச்சாகி வந்தன. கொஞ்ச நாளில் கண் பழகிவிட்டது. என் தகப்பனார் கை மட்டும் பழகவில்லை. கடைசிவரை துதிக்கை போட்டுத்தான் எழுதினார். யாரும் தடுக்கவும் இல்லை.

இந்த மாற்றம் ஏன் இவ்வளவு எளிதாகச் செரித்தது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். பெரியார் இந்த வடிவங்களை 1935 ஜனவரியிலேயே குடி அரசு இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆணை வருவதற்கு முன்பே 43 ஆண்டுகளாக ஒரு பகுதி வாசகர்கள் அதைப் படித்துப் பழகியிருந்தார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அந்தப் பதின்மூன்றில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கா, கை, கொ, கோ தெரிந்த குழந்தைக்கு ணா, லை, னொ, றோ எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். விதிவிலக்கை விலக்கி விதியில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்றே எழுதலாம் என்று பெரியார் சொன்னது ஆணையில் இடம்பெறவில்லை. அந்த எழுத்துகள் நெடுங்கணக்கில் இன்றும் இருக்கின்றன.

இந்த 13-இல் எதுவும் பொன்முடியில் இல்லை. ஆகவே 1978-இல் பொன்முடியின் தமிழ்ப் பெயர் மாறவில்லை. ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே அதன் மலையாளப் பெயர் மாறிவிட்டது! இது கேரளத்தில் வளர்ந்த நமக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

மலையாளத்தில் உகரமும் ஊகாரமும் எழுத்தோடு ஒட்டியே எழுதப்பட்டுவந்தன. நம் கு, சு, மு, பு போல எழுத்துக்கு எழுத்து வேறு வேறு விதமாக ஒட்டும். கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் அச்சுக்கூடத்துக்கு நூற்றுக்கணக்கான ஈய எழுத்துகள் வேண்டும். தட்டச்சுப் பொறியில் அத்தனைக்கு இடம் ஏது? 1960-களின் இறுதியில் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை, என்.வி. கிருஷ்ண வாரியர் போன்ற அறிஞர்களைக் கொண்டு குழுக்கள் அமைந்தன. 1971-இல் கேரள அரசு ஆணையிட்டது. உகர ஊகாரக் குறிகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து பக்கத்தில் தனியே நின்றன. கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலை போட்டு உடைக்கப்பட்டன. பொன்முடியின் ‘மு’ இரண்டாகப் பிரிந்தது இப்படித்தான்.

நான் மலையாளத்தைப் பழைய லிபியில் தொடங்கிப் புதிய லிபியில் தொடர்ந்தவன். புத்தகம் ஒரு மாதிரி, கரும்பலகை வேறு மாதிரி. மாஷ் கைப்பழக்கத்தில் பழையபடியே எழுதுவார். நாங்கள் இரண்டையும் கலந்து எழுதுவோம். அச்சகங்களும் அப்படியே. ஒவ்வொரு பத்திரிகையும் தன் வசதிக்கு ஒரு கலவை வைத்துக்கொண்டது. அச்சுக்காகவும் தட்டச்சுக்காகவும் தொடங்கிய மாற்றம் பள்ளிப் பாடநூலுக்குள் நுழைந்ததும் அது குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. கணினி வந்தது. எத்தனை வடிவம் வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். எந்த இயந்திரத்துக்காக எழுத்தை வெட்டினார்களோ அந்த இயந்திரமே ஓரமாகப் போய்விட்டது. 1999-இல் இங்கே ஆர். சித்ரஜகுமார் முதலியோர் ‘ரசன அக்ஷரவேதி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கே.எச். ஹுசைன் 900-க்கும் மேற்பட்ட வடிவங்களோடு பழைய லிபியைக் கணினிக்குள் கொண்டுவந்தார். 2022-இல் அரசு அமைத்த குழுவே பழைய கூட்டெழுத்துகள் பலவற்றை மீட்கலாம் என்று பரிந்துரைக்கும் நிலைக்கு வந்தது. ஐம்பது வருஷம் கழித்துப் பாதி வழி திரும்பி நடந்திருக்கிறார்கள்.

இது நம் பக்கத்து அனுபவம் மட்டுமல்ல. ஜெர்மன் மொழியில் 1996-இல் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டபோது எழுத்தாளர்கள் கொதித்தார்கள். வழக்குகள் போட்டார்கள். ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனே என்ற பெரிய நாளிதழ் ஒரு வருஷம் புதியதைப் பின்பற்றிவிட்டு 2000-இல் பழையதற்கே திரும்பியது. 2006-இல் விதிகளையே திருத்தினார்கள். துருக்கியில் 1928-இல் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். ஒரே தலைமுறையில் பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போயிற்று. அது வேறு அளவிலான விஷயம், நம்மோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அந்தப் பாட்டன் கடிதம் மட்டும் என் மனசை விட்டுப் போவதில்லை.

இப்போது பொன்முடியின் ‘மு’வுக்குத் திரும்ப வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் முனைவர் வா.செ. குழந்தைசாமி பல ஆண்டுகளாக ஒரு திட்டத்தை வலியுறுத்திவந்தார். உகர ஊகார உயிர்மெய்கள் 36-க்கும், அதோடு இகர ஈகார வரிசைக்கும், ஆகாரத்துக்குக் கால் போடுவதுபோலத் தனியாகப் பிரிந்து நிற்கும் குறிகள் வேண்டும் என்றார். பொறியியல் அறிஞர் அவர், கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். கற்க வேண்டிய வடிவங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடக்கவிருந்தபோது, இது அங்கே அறிவிக்கப்பட்டுவிடுமோ என்று தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அறிவிப்பு வரவில்லை. ‘மு’ தப்பித்தது.

இதில் நம் போன்றவர்களுக்கு ஒரு தனி அக்கறை உண்டு. வெளியே வாழும் தமிழ்க் குழந்தைகள் எளிதாகக் கற்க வேண்டும் என்பது இந்தச் சீர்திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. அதாவது நம் பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. ஆனால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் கு, சு, மு-வில் நான்கைந்து வாரம் தடுமாறும், உண்மை. பிறகு சரியாகிவிடும். இரண்டு வருஷம் ஆனாலும் சரியாகாதது ர, ற, ல, ள, ன, ண. எழுத்து வடிவத்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. அதற்குக் காதில் தமிழ் விழ வேண்டும். 2017-க்குப் பிறகு இங்கே பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். பிள்ளைகள் மலையாள எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் கற்றுவிட்டு மூன்றாவதாகத் தமிழுக்கு வருகின்றன. அந்த மூன்றாவதிலும் பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று இரண்டு ‘மு’ இருந்தால் எந்தப் பெற்றோர் எதைச் சொல்லிக்கொடுப்பார்? ஊரிலிருந்து வரும் கதைப் புத்தகம் ஒரு வடிவம், ஆச்சி வீட்டுப் புத்தகம் இன்னொரு வடிவம். தமிழ்நாட்டில் என்றால் பள்ளிக்கூடமும் கடைப் பலகையும் பஸ் பலகையும் பார்த்துக்கொள்ளும். இங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தவர்கள் சொன்னதையெல்லாம் நான் ஏற்கவில்லை. எழுத்தைத் தொட்டாலே தமிழ் அழியும் என்பது வரலாறு தெரியாத பேச்சு. வட்டெழுத்தில் எழுதிய நாடு இது. நம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பல எழுத்துகளில் கிடக்கின்றன. 2022 டிசம்பரில் கோட்டைப் பகுதியில் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். ஓலை அப்படியே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்த்தேன், ஒரு வரி ஓடவில்லை.

1978-இன் மாற்றம் சிறியது என்றாலும் அதிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. இதே ஊரில் இருந்து பி. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகம் மனோன்மணீயம். அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்தே அந்தப் பதின்மூன்றில் ஒன்று. சென்ற வருஷம் அதன் பழைய பதிப்பு ஒன்றை வகுப்பில் காட்டினேன். தமிழ் நன்றாக வாசிக்கிற பன்னிரண்டு வயதுப் பெண் அட்டையிலேயே நின்றுவிட்டாள். “மாமா, இது என்ன எழுத்து? மலையாளமா?” என்றாள். சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் தடையில்லாமல் வாசித்தாள். என் தகப்பனார் எழுதிய ஒரு கடிதத்தையும் கொடுத்தேன், சாலையில் மிளகாய் வற்றல் விலை ஏறியதுவரை படித்துச் சொன்னாள்.

சங்க நூலகத்தில் 1978-க்கு முந்தைய புத்தகங்கள் கணிசமாக இருக்கின்றன. இளைய உறுப்பினர்கள் அவற்றை எடுப்பதே இல்லை. பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கையால் எழுதி, ஒரு தாளில் நகலெடுத்து, ஒவ்வொரு பழைய புத்தகத்தின் முன் அட்டைக்குள்ளும் ஒட்டிவைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். துதிக்கை போட்டு எழுதத் தெரிந்த கைகள் நம் சங்கத்தில் இன்னும் ஏழெட்டாவது இருக்கும். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் போதும், தாளும் பசையும் நான் கொண்டுவருகிறேன்.