அருணாசலம் ஆட்டோ, அருணாசலம் பூக்கடை

திருவண்ணாமலைக்காரர் ஒருவருடைய செல்போனை வாங்கிப் பாருங்கள். அனேகமாக நாலைந்து அருணாசலமாவது அதில் இருப்பார்கள். அண்ணாமலைகள் தனிக்கணக்கு. சாமி பேரை வைக்கிற ஊரில் பேர் மட்டும் போதாது, பின்னாடி ஒரு வால் வேண்டும். அருணாசலம் ஆட்டோ. அருணாசலம் பூக்கடை. அருணாசலம் செங்கம். அருணாசலம் மாமா.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். இந்தப் பேர்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகத் தமிழில் சண்டை போடுகிறவர்கூட அம்மாவை நாலு ஆங்கில எழுத்தில்தான் சேமித்திருப்பார். சோம்பேறித்தனம்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அப்படித் தோணலை. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒன்றுக்கொன்று தமிழ் புரியாமல் இருந்த ஒரு காலம் நமக்குள் விட்டுப்போன பழக்கம் இது.

செல்போனுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது பாக்கெட் டைரி. எஸ்.டி.டி. பூத்தில் கூண்டுக்குள் நின்று, டைரியைப் பிரித்து, 04175 போட்டு ஊருக்குப் பேசிய தலைமுறை இன்னும் இருக்கிறது. வருஷம் பிறந்தால் பழைய டைரியிலிருந்து புது டைரிக்குப் பேர்களை மாற்றி எழுத வேண்டும். இறந்தவர் பேர் விடுபடும், வீடு மாறியவர் நம்பர் திருத்தப்படும். இன்றைக்கு 'சிங்க்' என்று சொல்வது அதைத்தான். எழுதுகிற கைக்குத் தமிழ் தெரியும் என்பதால் சிக்கல் வரவில்லை.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்து போனில் பேர்கள் சிம் கார்டில்தான் இருக்கும். பல சிம்களில் ஒரு பேருக்கு ஒதுக்கிய இடம் வெறும் 14 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து. அருணாசலத்துக்கு 11 எழுத்து போய்விடும், இடைவெளிக்கு ஒன்று, மிச்சம் இரண்டில் 'ஆட்டோ'வின் தொடக்கம் மட்டும் தெரியும்.

தமிழுக்கு நிலைமை இதைவிட மோசம். யூனிகோடில் 'ணா' என்பது ஒரு எழுத்து இல்லை. 'ண' ஒன்று, கால் ஒன்று, ஆக இரண்டு குறி. சிம்மில் இப்படி ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் வேண்டும். தொடக்கத்தில் ஒரு பைட் அடையாளத்துக்குப் போனால் மிச்சத்தில் ஆறு குறிதான் அடங்கும். அப்போது அருணாசலம் 'அருணாச' ஆகிவிடுவார். இடத்தைச் சுருக்கிச் சேமிக்கவும் ஒரு முறை உண்டு. அதில் 11 குறி அடங்கும். அதிலும் கிடைப்பது 'அருணாசலம் ஆ' வரைக்கும்தான். 'திருவண்ணாமலை' என்ற ஊர்ப் பேருக்கு 12 குறி வேண்டும். ஒன்று கூடுதல். கடைசி ஐகாரம் போய் 'திருவண்ணாமல' என்று நிற்கும்.

சரி, கம்ப்யூட்டரிலாவது தமிழ் ஒழுங்காக இருந்ததா? அங்கே வேறு கூத்து. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஊர் ஊராக டி.டி.பி. கடைகளில் ஓடியது வேறு வேறு எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கம். இணையத்தில் எழுதியவர்கள் திஸ்கி என்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரண்டைப் பரிந்துரைத்தது. யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-ல்தான். கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகைப் பட்டியலிலிருந்து ஒரு பேரை எடுத்து போனில் ஏற்றினால் அருணாசலம் வரமாட்டார். பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்க உலக அளவில் ஒரு பொது வடிவம் வந்திருந்தது. ஆப்பிள், ஐ.பி.எம்., ஏ.டி.&டி., சீமென்ஸ் நிறுவனங்கள் 1990-களின் நடுவில் உருவாக்கிய விகார்டு. நெடுநாள் புழங்கிய அதன் 2.1 பதிப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்தை அனுப்ப ஒரு சுற்றுவழி இருந்தது. ஒரு தமிழ்க் குறியை ஒன்பது ஆங்கிலக் குறியாகப் பிரித்து எழுத வேண்டும். ஒன்பது குறி கொண்ட அருணாசலத்துக்கு 81 ஆகிறது. அந்த முறையில் ஒரு வரி 76-க்கு மேல் போகக் கூடாது. அதனால் ஒரு மனிதரின் பேர் இரண்டு வரியாக உடையும். அரைகுறையாக எழுதப்பட்ட மென்பொருள்கள் இரண்டாவது வரியைக் கோட்டைவிட்டன.

எழுத்தைத் தாண்டியும் ஒரு முரண். விகார்டு பேரைக் குடும்பப் பேர், சொந்தப் பேர் என்று பிரித்துக் கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியலும் பேரும். 'அருணாசலம் பூக்கடை' கம்ப்யூட்டருக்குப் போனால் 'பூக்கடை' குடும்பப் பேராகிவிடும். குடும்பப் பேர்படி அடுக்கினால் அவர் 'ப' வரிசையில் போய் உட்காருவார். ஆனால் ஊரையும் தொழிலையும் சேர்த்து ஆளை அடையாளம் சொல்வது நமக்குப் புதிதில்லை. கோயில் கல்வெட்டுகளில் கொடை கொடுத்தவரை இன்ன ஊர், இன்னார் மகன் என்றுதானே குறிக்கிறார்கள்? நமக்குப் பழகிய அந்த வால்களுக்கு விகார்டின் பேர்ப் பகுதியில் தனிக் கட்டம் கிடையாது.

2000-ல் எரிக்சன், நோக்கியா, மோட்டரோலா, ஐ.பி.எம். எல்லாம் கூடி சிங்க்எம்எல் என்ற நெறிமுறையைத் தொடங்கின. எந்தப் பக்கம் எது மாறியது என்பதை அது பார்த்துக்கொள்ளும். எழுத்தைச் சரியாகக் காட்டுவது அதன் வேலை இல்லை. நோக்கியாவின் பி.சி. சூட் விண்டோஸுக்கு மட்டும் வந்தது. மேக் வைத்திருந்தவர் ஐசிங்க்கை நம்ப வேண்டும், அதையும் ஆப்பிள் 2011-ல் கைவிட்டது. லினக்ஸ்காரருக்கு காமு போன்ற தன்னார்வலர் மென்பொருள்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006-லிருந்து நோக்கியா போன்கள் தயாரானது நம்ம ஸ்ரீபெரும்புதூரில். தமிழ்நாட்டுக் கைகள் பூட்டிய போனில் தமிழ்ப் பேரை எழுதினால், கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பும்போது அது பேராக வருமா கட்டமாக வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஜனங்கள் புத்திசாலிகள். எது எங்கே போனாலும் உடையாதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்து உடையாது. ஆனால் அருணாசலத்தின் 'ச'வுக்கு எஸ்ஸா, சி-எச்சா? ஒரு நம்பருக்கு முன்னால் பூஜ்யமா, 91-ஆ, ஒன்றும் இல்லையா? ஒவ்வொரு சிங்க்கிலும் ஒரே ஆட்டோக்காரர் இரண்டு மூன்று ஆளாகப் பெருகினார்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நேர்ந்ததுதான் உறுத்துகிறது. டைரியைத் தானே புரட்டி நம்பர் எடுத்தவருக்குத் தன் சொந்த போன்புத்தகம் படிக்க முடியாததாகிவிட்டது. பேரன் பேத்தியைக் கூப்பிட்டு "மாமாவுக்குப் போடுடா" என்று கேட்க வேண்டியதாயிற்று. கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் எத்தனையாவது என்று எண்ணி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவரையே படிக்கத் தெரியாதவர் ஆக்கிவிட்டது பதினாலு பைட்.

தொழில்நுட்பம் தன் பங்கைச் சரிசெய்துவிட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-லேயே செல்லினத்தால் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப வழி செய்தார். 2011-ல் வந்த விகார்டு 4.0 யூ.டி.எஃப்-8 மட்டுமே என்று சொல்லிவிட்டது. 2013-ல் ஐஃபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது. இன்றைக்குத் தமிழில் சேமித்த பேர் கூகுள் கணக்கு வழியாகப் புது போனுக்கும் லேப்டாப்புக்கும் அப்படியே போய்ச் சேரும். உடையாது.

பழக்கம்தான் இன்னும் மாறவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாட்டியின் போனை அரைமணி நேரம் வாங்குங்கள். பேர்களை அவரையே சொல்லச் சொல்லித் தமிழில் அடியுங்கள். அருணாசலம் ஆட்டோ, அருணாசலம் பூக்கடை. இப்போது இடம் தாராளமாக இருக்கிறது, வாலோடு முழுசாகவே அடிக்கலாம்.