1965 வடகிழக்கு மின்தடையும் ஒரு ரிலேயின் அமைவு அளவும்

1965 நவம்பர் 9 மாலை 5:16 மணிக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்தின் காப்பு ரிலே ஒன்று, டொராண்டோ நோக்கிச் சென்ற ஐந்து 230 கிலோவோல்ட் மின்பாதைகளில் ஒன்றைத் துண்டித்தது. ரிலே பழுதாகவில்லை, இட்ட அளவுப்படியே இயங்கியது. 1963-இல் அதற்கு வைக்கப்பட்ட அளவு சுமார் 375 மெகாவாட். மின்பாதையோ அதைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியது. இரண்டாண்டுகளில் சுமை ஏறியது, அளவு திருத்தப்படவில்லை. இப்படியொரு வரம்பு இருப்பதே பணியிலிருந்த இயக்குநர்களுக்குத் தெரியாது. மற்ற நான்கு பாதைகளும் சுமார் மூன்று நொடிகளில் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. டொராண்டோவுக்குப் போகவேண்டிய மின்சாரம் நியூயார்க் மாநிலப் பாதைகளில் பாய்ந்து அங்குள்ள வலையமைப்பையும் குலைத்தது. ஏறத்தாழ 3 கோடிப் பேர் இருளில் மூழ்கினர்; சில இடங்களில் 13 மணி நேரம் வரை மின்சாரம் திரும்பவில்லை. வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் குழு 1968-இல் அமைக்கப்பட்டது இதன் விளைவாகவே.