வலிக்கு ஊசி: அக்குபஞ்சர் தமிழகம் வந்த வழி

உடலில் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி வலியைத் தணிக்கும் அக்குபஞ்சர், சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. இந்திய மருத்துவத்துக்கோ அது எழுபது ஆண்டுக்குள் வந்து சேர்ந்த வரவு. தமிழ்நாட்டில் இன்று இடுப்புவலி, மூட்டுத் தேய்மானம், கழுத்துவலி, தோள்பட்டை இறுக்கம் போன்றவற்றுக்கே மக்கள் பெரிதும் அதை நாடுகிறார்கள். அந்த வலிகள் புதியவை அல்ல. அவற்றைத் தணிக்கும் கைமுறைகளும் இங்கே நெடுங்காலமாக இருந்துவந்தன.

தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையின் நடுவழியில் உள்ள கந்தர்வக்கோட்டைப் பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். செம்மண் பூமி, கடலையும் முந்திரியும் விளைகிற மண். கடலைச் செடியைக் குனிந்துதான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய செடியிலிருந்து காய் ஆய்வதற்குப் பொழுதெல்லாம் தரையில் உட்கார வேண்டும். அதே சாலையில் இருக்கும் ஆதனக்கோட்டையில் பெண்கள் முந்திரிக்கொட்டையை நெருப்பில் வறுத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துப் பருப்பெடுத்துச் சாலையோரத்தில் விற்கிறார்கள். கொட்டை உடையும்போது பருப்பு நொறுங்கக் கூடாது என்பதால் பார்வையும் கையும் ஓரிடத்திலேயே நிற்கும். முதுகும் கழுத்தும் வளைந்தபடியே இருக்கும். இப்படிப்பட்ட உழைப்பில் இடுப்பும் முழங்காலும் நாற்பது வயதிலேயே நோகத் தொடங்குவதில் வியப்பில்லை.

இந்த வலிகளுக்குத் தமிழ் மருத்துவத்தில் எண்ணெயும் கையும் முதல் மருந்து. சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் பிடித்துவிடும் முறை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இன்றைய இயன்முறை மருத்துவர் மூட்டை இழுத்தும் அசைத்தும் செய்கிற பல பயிற்சிகளின் சாயல் இந்தப் பட்டியலில் தெரிகிறது. வர்ம மருத்துவம் உடலில் 108 வர்மங்களைக் கணக்கிடுகிறது. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டால் ஆளைச் சாய்க்கும் இடங்களையே, அளவறிந்து தடவியும் அழுத்தியும் குணமாக்கும் இடங்களாக வர்ம ஆசான்கள் கையாண்டார்கள். கொம்பு கட்டல், அட்டை விடல், சுட்டிகை (சூடிடல்) ஆகியவை சித்தத்தின் புறமருத்துவ முறைகளில் அடங்கும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) தன்வந்திரி மகால் அமைத்து மருத்துவ முறைகளைத் தொகுக்கச் செய்தார். அந்தத் தொகுப்பு பின்னாளில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடுகளாக வந்தது. வர்மப் புள்ளிகளையும் அக்குபஞ்சர் புள்ளிகளையும் ஒன்றாகவே பேசுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இரண்டும் தனித்தனி மரபில் வளர்ந்தவை. இடங்கள் சில ஒத்துப்போவதை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

சீனத்திலும் ஊசி ஒரேயடியாகத் தோன்றிவிடவில்லை. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துயி கல்லறையிலிருந்து 1973-இல் எடுத்த மருத்துவச் சுவடிகள் உடலின் பதினொரு ஓட்டப் பாதைகளை விவரிக்கின்றன. அவற்றில் மூலிகை சுட்டுச் சூடு காட்டும் முறை இருக்கிறது, ஊசி இல்லை. அதை அடுத்த காலத்தில் உருவான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ நூலில்தான் ஊசி மருத்துவம் முழுமையான முறையாக வருகிறது. சோங் அரசகாலத்தில் வாங் வெய்யி, ஆளுயர வெண்கல உருவம் ஒன்றைச் செய்வித்தார். அதன் மேனியில் புள்ளிகள் துளைகளாக இருந்தன. மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்கள். மாணவர் சரியான இடத்தில் ஊசியைச் செருகினால் நீர் கசியும். தேர்வு அப்படி நடந்தது. பிற்காலத்தில் அரசே ஊசி மருத்துவத்தைக் கைவிட்டது. 1822-இல் அரச மருத்துவக் கழகத்தில் அக்குபஞ்சர் நிறுத்தப்பட்டது.

மீட்சி ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த போர்க்காலத்தில் வந்தது. சீனப் பொதுவுடைமைக் கட்சியின் தளமாக இருந்த, மருத்துவரும் மருந்தும் போதாத யானான் பகுதியில், நவீன மருத்துவரும் மரபு மருத்துவரும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்ற கொள்கை உருவாயிற்று. ஜூ லியான் என்ற பெண் மருத்துவர் அங்கே அக்குபஞ்சரைக் கையிலெடுத்து, ஓட்டப் பாதைகளைவிட நரம்பு மண்டலத்தைக் கொண்டே அதை விளக்கினார்.

இந்தியத் தொடர்பும் அந்த யானானிலிருந்துதான் தொடங்குகிறது. ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு உதவ, 1938-இல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. துவாரகாநாத் கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார். யானானில் பணியாற்றி நாடு திரும்பிய பிஜோய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று அக்குபஞ்சர் கற்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். போர்முனையில் காயம் கட்டிய ஒரு நவீன மருத்துவர், தன் மருத்துவத்தைக் கைவிடாமலேயே ஊசியையும் கற்றுக்கொண்டார் என்பது இந்த வரலாற்றில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. மேற்கு வங்கம் 1996-இல் அக்குபஞ்சருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதற்கு அவர் இட்ட அடித்தளமே காரணம். இலங்கையில் இதே வேலையை ஆண்டன் ஜயசூரிய செய்தார். கொழும்பை அடுத்த களுபோவில அரசு மருத்துவமனையில் அவர் நடத்திய பயிற்சிக்குப் பல நாட்டு மருத்துவர்கள் வந்தார்கள்.

உலகின் பார்வை திரும்பியது 1971-இல். பீகிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அறுவைக்குப் பின் வந்த வயிற்று உபாதை முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி செருகியதும் தணிந்ததை எழுதினார். 1979-இல் உலக சுகாதார நிறுவனம் பீகிங்கில் கருத்தரங்கு நடத்தி, அக்குபஞ்சரால் பயன் கிடைக்கலாம் எனக் கருதப்பட்ட 43 நோய்களின் பட்டியலை வெளியிட்டது. பட்டியல் அன்றைய மருத்துவர்களின் அனுபவத்தைக் கொண்டு போடப்பட்டது, கட்டுப்பாட்டு ஆய்வுகளைக் கொண்டு அல்ல. ஆனால் விளம்பரங்களில் அது இன்றுவரை உறுதிச் சான்றுபோல எடுத்தாளப்படுகிறது.

தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று மருத்துவமனை வழி. 2000-இல் சென்னை அரும்பாக்கத்தில் தொடங்கிய அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியின் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். அங்கே ஊசியோடு நீர்ச் சிகிச்சையும் யோகமும் சேர்ந்தே தரப்படுகின்றன. மற்றது, ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளும் தொடு சிகிச்சை. சிற்றூர் வரை வேகமாகப் பரவியது இதுதான். செலவு குறைவு, வலி இல்லை, பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் இருக்கிறார். மக்கள் அதை நாடியதற்கு இவை போதுமான காரணங்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிற இடத்தில்தான் அது ஆபத்தாகிறது.

ஊசிச் சிகிச்சை நடக்கும் விதம் எளிது. நோயாளி குப்புறவோ மல்லாந்தோ படுக்கிறார். தோலை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, கால் மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியைச் சிறு குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. முழங்கால் வலிக்கு மூட்டைச் சுற்றியும், முட்டிக்கு நான்கு விரல் கீழே வெளிப்புறத் தசையிலும் செருகுவது வழக்கம். ஊசியை மெல்லத் திருகும்போது கனப்பது போலவும் மரத்துப்போவது போலவும் ஓர் உணர்வு பரவும். இருபது, முப்பது நிமிடம் கழித்து எடுப்பார்கள். சில வேளை ஊசிகளில் மெல்லிய மின்னோட்டமும் கொடுப்பதுண்டு. உடலே சுரக்கும் எண்டார்ஃபின்கள் வலித்தணிப்பில் பங்கேற்பதை 1970-களின் ஆய்வுகள் காட்டின. அவற்றைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்தபோது ஊசியின் பயன் குறைந்தது.

ஜெர்மனியில் முழங்கால் தேய்மானமுள்ள ஆயிரம் பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். எல்லாக் குழுவினருக்கும் இயன்முறைப் பயிற்சி உண்டு. மரபுப் புள்ளிகளில் ஊசி பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் தேறினர். வேண்டுமென்றே வேறு இடங்களில் ஊசி பெற்றவர்களில் 51. ஊசியே இல்லாத குழுவில் 29. ஊசியும் கவனிப்பும் சேர்ந்து வலியைக் குறைக்கின்றன; எந்தப் புள்ளி என்பது கற்பிக்கப்படும் அளவுக்கு முக்கியமில்லை. ஆகவே ஊசியால் வலி குறைந்திருக்கும் சில வாரங்களில் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்; மூட்டைத் தாங்குவது அந்தத் தசைதான்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அக்குபஞ்சரைச் சிகிச்சை முறையாக ஏற்றது. 2019-இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போரிடம் எச்சரிக்கை, நெஞ்சிலும் தோள்மேட்டிலும் ஆழச் செருகி நுரையீரலைத் துளைத்துவிடாத கவனம் ஆகியவை கட்டாயம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். கடலைக் கொல்லையிலும் முந்திரி அடுப்படியிலும் தேய்ந்த முழங்காலுக்கு முதலில் வேண்டியது அந்தப் பயிற்சி. ஊசி அதற்குத் துணை.