நித்தியகல்யாணி: செல்லை நடுவழியில் நிறுத்திய பூ

போன வாரம் ஓபியில் குடவாசல் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். சுகர் 380. மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசமாம். "நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வச்சு வெறும் வயித்துல குடிக்கிறேன் டாக்டர், கொல்லை பூரா கிடக்கு" என்றார். திட்ட மனசு வரலை. ஏன்னா இதே நம்பிக்கையிலிருந்துதான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு வந்தது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிங்க.

முதல்ல பள்ளிக்கூடப் பாடம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்னு மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃப்ளெமிங், சாலமாண்டர் செல்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1882-ல் புத்தகமாகவே எழுதிய விஷயம் இது. நூல் நூலாகத் தெரிந்ததால், நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து 'மைட்டாசிஸ்' என்று பெயரிட்டார்.

முதல் கட்டத்தில் குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கும். ரெண்டாவதில், அதாவது மெட்டாஃபேஸில், செல்லின் நடுவே வரிசையாக வந்து நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் கதிர்க்கோல் இழைகள் அவற்றைப் பிடித்திருக்கும். அடுத்து அந்த இழைகள் ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் ஒரு செல் இரண்டாகும். இழைகளைத் தேர் வடம்னு வச்சுக்கோங்க. வடம் திரிக்கவே விடலைன்னா? தேர் நிலையிலேயே நிற்கும்.

இப்போ கனடாவுக்குப் போவோம். 1921-ல் இன்சுலின் ஆராய்ச்சிக்கு பேண்டிங்கிடம் உதவியாளராக முதலில் யார் சேர்வது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் போட்டார்கள். சார்லஸ் பெஸ்ட் ஜெயித்தார், பெயர் நிலைத்தது. தோற்றவர் கிளார்க் நோபிள். 1952-ல் அவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் தபாலில் 25 இலைகள் அனுப்பினார். நம்ம நித்தியகல்யாணி இலைதான். இன்சுலின் கிடைக்காத சர்க்கரை நோயாளிகள் அங்கே அதைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளார்க் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார். ராபர்ட் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார். எலிகள் கிருமித்தொற்றில் வரிசையாகச் செத்தன. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் செல் பிரிந்துகொண்டே இருக்கணும், அது படுத்துவிட்டது.

'சர்க்கரைக்கு ஆகலை'ன்னு தூக்கிப் போட்டிருந்தால் கதை முடிஞ்சிருக்கும். அவர் வேறு கேள்வி கேட்டார்: வெள்ளை அணு தறிகெட்டுப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகுமா? 1958-ல் சார்லஸ் பீருடன் சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். எலி லில்லி நிறுவனமும் அதே செடியில் தனியாக வேலை செய்து வின்கிரிஸ்டினைக் கண்டுபிடித்தது. அது 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டுமே கதிர்க்கோல் இழை உருவாகாமல் தடுப்பவை. செல் மெட்டாஃபேஸில் சிக்கி, நின்ற இடத்திலேயே சாகும்.

அதுக்கு முன்னாடி குழந்தைகளுக்கு லுக்கீமியா என்றால் பெரும்பாலும் சில மாதக் கணக்குதான். இன்று நல்ல மையங்களில், மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும்போது, பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். மடகாஸ்கரிலிருந்து உலகம் பூரா பரவிய இந்தச் செடிக்கு நம்ம ஊரில் 'சுடுகாட்டு மல்லி' என்றும் ஒரு பேர் உண்டு! திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் பயிரிட்டு வெளிநாட்டுக்கே அனுப்பினோம். ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேணும். ஒரு தடவைக்குக் கொடுப்பதோ, வழக்கமாக அதிகபட்சம் 2 மில்லிகிராம்.

அந்த அளவிலேயே நரம்பைத் தாக்கும். கதிர்க்கோல் இழை எந்தப் புரதத்தால் ஆனதோ, அதே புரதக் குழாய்கள்தான் நரம்புக்குள்ளும் சரக்கு கொண்டுபோகின்றன. அதனால் விரல் மரக்கும், மலம் கட்டும், சில குழந்தைகளுக்குப் பாதம் தொங்கும். ரத்தக்குழாயில் மட்டும்தான் ஏற்றணும். தவறி முதுகுத் தண்டுவட நீரில் போட்டால் உயிர் போகும். ஒவ்வொரு இலையிலும் எவ்வளவு இருக்கும்னு கஷாயம் வைக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

பெரியவரிடம் எலிக் கதையைச் சொன்னேன். "அப்போ எலிக்கும் சுகர் இறங்கலையா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வர்ற செவ்வாய்க்கிழமை சாப்பிடாம வரச் சொல்லியிருக்கேன், சுகர் பார்க்கணும்.