செய்தியும் சார்பும் – தமிழ் இதழ் வரலாற்றில் ஒரு நோக்கு

செய்தியாளர் எச்சார்பும் அற்றவராய் இருத்தல் வேண்டும் என்பது இன்று பலராலும் கூறப்படும் கருத்து. ஆயின் தமிழ்நாட்டு இதழ்களின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு வேறொரு காட்சி தென்படுகிறது. இங்கே பெரும்பாலான இதழ்கள், முன்னிருந்த இதழ் ஒன்றின் சார்பைக் கண்டு பொறாமல் எழுந்த மறுமொழிகளே ஆகும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகத் தி. முத்துசாமி ஐயர் 1878இல் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அதனை எதிர்த்து எழுதின. மறுத்துரைக்க இந்தியர்க்கு ஓர் ஏடு வேண்டும் என்று எண்ணிய இளைஞர் அறுவர் அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ‘இந்து’ ஆங்கிலக் கிழமை இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சிட்ட படிகள் எண்பதே. அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் அறியாதார்க்கும் அரசியல் எட்ட வேண்டும் எனக் கருதி 1882இல் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தோற்றுவித்தார். 1898இல் ‘இந்து’வை விட்டு விலகிய அவர், மறு ஆண்டு மித்திரனை நாளிதழாக்கினார்.

அம்மித்திரனில்தான் 1904இல் பாரதியார் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குதல் அவர்தம் அன்றாடப் பணி. மித்திரன் மிதவாதத்தின் பக்கம் நின்றது. பாரதியாரின் உள்ளமோ திலகரின் தீவிர நெறியை நாடியது. தம் கருத்தைத் தடையின்றி எழுத அவர்க்கு 1906இல் ‘இந்தியா’ கிழமை இதழ் வாய்த்தது. 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரசு பிளவுற்றபோது அவர் அங்குச் சென்றிருந்தார். அம்மாநாட்டைப் பற்றி எழுதியவர், அம்மாநாட்டில் ஒரு பக்கம் நின்றவரும் ஆவார். அவர் அதை மறைத்தாரிலர்.

1908இல் ‘இந்தியா’வின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார், பாரதியார் புதுச்சேரி சென்றார். அதே ஆண்டில் சுப்பிரமணிய ஐயரும் அரச நிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார். மிதவாதம், தீவிரம் என்ற வேறுபாட்டை அரசின் கை பொருட்படுத்தவில்லை. 1920இல் பாரதியார் மீண்டும் மித்திரனிலேயே பணியேற்றார். கருத்து வேற்றுமை காரணமாகப் பிரிந்தவரை அவ்விதழ் மீண்டும் ஏற்றுக்கொண்டது நினைவில் நிறுத்தத்தக்கது.

1917ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இருக்கும் இதழ்கள் பிராமணரல்லாதார் குரலை எடுத்துரைக்கவில்லை என்று கருதிய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தார், ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’ ஆகிய ஏடுகளை நடத்தலாயினர். அதே ஆண்டின் இறுதியில் திரு.வி.க. ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் துணைத் தலைவர்களுள் அவரும் ஒருவர். தொழிலாளர் செய்தியை எழுதிய கையே தொழிற்சங்கத்தையும் நடத்தியது.

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரசு மாநில மாநாடு இதனினும் தெளிவான சான்று. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை வலியுறுத்தியவர் பெரியார். அவர் அவ்வாண்டு மே 2ஆம் நாள் ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கியிருந்தார். தீர்மானத்தை ஏற்க மறுத்த தலைவர் திரு.வி.க.; அவர் ‘நவசக்தி’யின் ஆசிரியர். வழக்கின் இரு தரப்பாரும் இதழாசிரியராய் இருந்த அம்மாநாட்டை ஓர் ஏட்டை மட்டும் கொண்டு எழுதும் வரலாறு, பாதி வரலாறே ஆகும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்பொழுதில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றில் வெள்ளத்தால் நிலைகுலைந்த பாலத்தில் கவிழ்ந்தது. நம் செந்துறை நிலையத்தைத் தொட்டுச் செல்லும் அதே இருப்புப் பாதைதான். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

இந்நிகழ்ச்சி இருவகையாக நினைவுகூரப்படுகிறது. சாஸ்திரியின் விலகலை அரசியல் அறத்தின் உச்சம் என்று போற்றுவது ஒன்று. துணையமைச்சராய் இருந்த ஓ.வி. அழகேசனைச் சுட்டி, ஆட்சியின் பொறுப்பின்மையைக் கண்டிப்பது மற்றொன்று. 1957இல் முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட தி.மு.கழகத்தார் இவ்விபத்தைத் தம் பரப்புரையில் எடுத்தாண்டனர். அதே 1956இல் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்துக்குப் பின்னும் சாஸ்திரி விலக முன்வந்தார். அப்போது அது ஏற்கப்படவில்லை. போற்றுவோரும் தூற்றுவோரும் இதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. பொய்யுரைப்பதால் மட்டும் சார்பு தோன்றுவதில்லை; எதைக் கூறாது விடுகிறோம் என்பதிலும் அது குடிகொண்டிருக்கிறது. இவ்விரு வழக்குரைகளுக்கும் இடையே, இறந்த பயணியரைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிதே.

ஆகவே, சார்புடைமை ஒன்றே இதழாளரின் குற்றமாகாது. பாரதியாரும் திரு.வி.க.வும் பெரியாரும் தாம் நின்ற இடத்தை வெளிப்படையாய் அறிவித்தனர்; படிப்போர் அதற்கேற்ப எடைபோட முடிந்தது. நின்ற இடத்தை மறைத்துக்கொண்டு நடுவுநிலை பேசும்போதும், கருத்துக்கு உதவாத உண்மையை விலக்கும்போதுமே தீங்கு விளைகிறது. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டு. ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் நிறுக்க இயலாது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. இவ்வட்டார வரலாற்றை எழுதப் புகுவோர், பழைய நாளிதழ் நறுக்கு ஒன்றைக் கண்டவுடன் மன நிறைவு கொள்ளாது, அதற்கு மாற்றான ஏட்டையும் தேடுதல் வேண்டும். மருதையாற்று விபத்தை நேரில் கண்டோரும், கேட்டறிந்தோரும் நம் ஊர்களில் அருகி வருகின்றனர். எக்கட்சி ஏட்டிலும் இடம் பெறாத அவர்தம் சொற்களை இப்போதே எழுதி வைப்போமாயின், அடுத்த தலைமுறையின் துலாக்கோலுக்கு மற்றொரு தட்டை நாம் அளித்தவராவோம்.