சித்தேரி மலைக்கு ஒரு நூலகம்: புத்தகம் கொடுத்தால் மட்டும் போதுமா?

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி ஊராட்சி. அரூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போக வேண்டும். ஊராட்சி ஒன்று என்றாலும் ஊர் ஒன்றல்ல. மலைச்சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் சித்தேரி. அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்கள் ஒரு சாலைக்காகப் பல ஆண்டுகள் மனுக் கொடுத்துக் காத்திருந்தவை.

இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது; இவர்களின் தாய்மொழி தமிழ். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். மழை பொய்த்தால் குடும்பத்தோடு வெளியூர்க் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட மலைக்கிராமங்களில் நூலகம் அமைக்க உதவ வேண்டும் என்ற எண்ணம் நம் ஜமாஅத்துகளிலும், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளிடத்திலும் அவ்வப்போது எழுகிறது. நல்ல எண்ணம். ஆனால் நூறு புத்தகங்களைக் கட்டி எடுத்துப் போய், கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் அங்கே நூலகம் உருவாகிவிடுமா? இதற்கு முன் இதைச் செய்தவர்களின் அனுபவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

படிப்பு அங்கே எதற்குத் தேவைப்படுகிறது?

சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த ஊரில் நடத்திய கொடுமையை நாடே அறியும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். நீதிக்காக அந்த மக்கள் காத்திருந்த காலம் 31 ஆண்டுகள்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்களில் சித்தேரி மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

ஒரு நூலகம் இருந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. வறுமைக்கும் அதிகார அத்துமீறலுக்கும் புத்தகம் மட்டுமே மருந்தல்ல. ஆனால் ஏழையின் வாழ்வில் ஒரு காகிதத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இந்த மலையில் கண்கூடாகப் பார்க்கலாம். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தலைமுறைகளாக உழுத நிலத்துக்கு உரிமை வேண்டுமென்றால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் விண்ணப்பிக்க வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலம் தம் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு ஊர் மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதிச் சான்றாகக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியைப் படித்துச் சொல்லவும், வாக்குமூலத்தை எழுதவும் ஊருக்குள்ளேயே ஒருவர் இருந்தால், இடைத்தரகரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆகவே மலைக்கிராம நூலகம் என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. கதைப் புத்தகமும் வேண்டும், அந்த ஊர் மக்களின் உரிமைக்கான காகிதமும் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு தேநீர்க் கடையில் நடந்த நூலகம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இடமலைக்குடி என்றொரு ஊராட்சி. 2010இல் உருவான இதுவே அம்மாநிலத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவன் மக்கள் வாழும் அடர்ந்த காடு அது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் ஒரு சிறு தேநீர்க் கடை வைத்திருந்தார். கட்டன் சாயா, பிஸ்கட், தீப்பெட்டி விற்கும் அந்த மண் குடிசைதான் நூலகமும். மூத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கு போய் எழுதியதால் இந்தச் செய்தி வெளி உலகுக்குத் தெரிந்தது.

அவரிடம் இருந்தவை 160 புத்தகங்கள். அலமாரி கிடையாது, சாக்குப் பைகளில் வைத்திருந்தார். சிலப்பதிகாரமும் இருந்தது, வைக்கம் முகமது பஷீரின் நூல்களும் இருந்தன. உறுப்பினராகச் சேர ஒரு முறை 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். யார் எந்தப் புத்தகத்தை என்று எடுத்தார், என்று திருப்பினார் என்பதை ஒரு நோட்டில் சீராக எழுதி வைத்திருந்தார். ஆசிரியர் ஒருவரின் ஊக்கமும் அதற்குத் துணையாக இருந்தது.

கட்டடம், கணினி, பெயர்ப் பலகை எதுவும் இல்லாத இடத்தில் எது இருந்தது? அந்த ஊரிலேயே இருக்கும் ஒரு மனிதர் இருந்தார். மக்கள் வழக்கமாக வந்து உட்காரும் இடம் இருந்தது. எழுதிப் பராமரித்த ஒரு பதிவேடு இருந்தது. புத்தகங்கள் இவற்றுக்குப் பிறகுதான்.

கேரளத்தின் பெரிய நூலக இயக்கமும் இப்படித்தான் வளர்ந்தது. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் கூட்டிய கூட்டத்தில் 47 ஊர் நூலகங்கள் ஒன்று சேர்ந்து திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் உருவாயிற்று. நூலகங்களை ஊரார் முதலில் தொடங்கினார்கள். சங்கமும் அரசு உதவியும் பின்னால் வந்தன.

பூட்டிக் கிடந்த கட்டடங்கள்

நம் மாநிலமும் நூலகத்தில் பின்தங்கியதல்ல. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். நாட்டு விடுதலைக்குப் பின் ஒரு மாநிலம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. இன்றும் நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது.

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் நூலகக் கட்டடம் கிடைத்தது. எவ்வளவு பெரிய முயற்சி! ஆனால் பல ஊர்களில் அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்ததையும், புத்தகங்கள் கரையானுக்கு இரையானதையும் நாளேடுகளில் படித்திருக்கிறோம். மாலையில் கதவைத் திறப்பவர் யார், அவருக்கு மாதந்தோறும் என்ன கொடுப்பது, திறக்காவிட்டால் கேட்பவர் யார் என்ற கேள்விகளுக்குப் பல ஊர்களில் பதில் இல்லாமல் போயிற்று. புத்தகங்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதுதான் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதன் சாரம்.

வக்ஃப் நமக்குக் கற்றுத் தந்த பாடம்

இது நமக்குப் புதிய பாடமல்ல. உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தபோது, அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை விற்காமல் நிறுத்தி வைத்து, அதன் பலனை ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் கிடைக்கச் செய்யும் வழி காட்டப்பட்டது. வக்ஃபின் அடிப்படை இதுதான். ஒரு நூலகத்தின் இலக்கணமும் இதுவே அல்லவா? புத்தகம் ஊருக்குச் சொந்தமாக நிற்கிறது. பலன் கைக்குக் கை மாறுகிறது.

வக்ஃப் சொத்து இருந்தால் போதாது, அதைப் பராமரிக்க முத்தவல்லி வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். நல்ல முத்தவல்லி இல்லாத சொத்து என்ன ஆகும் என்பதை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம். மலைக்கிராம நூலகத்துக்கும் ஒரு முத்தவல்லி வேண்டும். அவர் அந்த ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

மாலி நாட்டின் திம்புக்துவை எண்ணிப் பாருங்கள். சஹாரா பாலைவன ஓரத்தில் இருக்கும் அந்த நகரில், கையெழுத்துப் பிரதிகளைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீடுகளில் பாதுகாத்து வந்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அப்துல் காதிர் ஹைதராவும் அவரோடு சேர்ந்த உள்ளூர் மக்களும் பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டிகளிலும் படகுகளிலும் தலைநகர் பமாகோவுக்கு இரகசியமாகக் கொண்டு சேர்த்தார்கள். தம்முடையது என்ற உரிமை இருந்ததால் உயிரைப் பணயம் வைத்துக் காத்தார்கள். வெளியார் கொண்டுவந்து வைத்த பொருளாக இருந்தால் அந்தத் துணிவு வந்திருக்குமா?

செலவை எப்படிப் பிரிப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நூலுக்குச் சராசரியாக 60 ரூபாய் என்று வைத்தால் 200 நூல்களுக்கு 12,000 ரூபாய். இது ஒரு முறைச் செலவு. பொறுப்பாளருக்கு மாதம் 1,500 ரூபாய் மதிப்பூதியம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 54,000. புத்தகத்துக்குப் பணம் தருபவர்கள் நிறைய உண்டு. இரண்டாவது செலவை யாரும் யோசிப்பதில்லை. உதவ விரும்பும் ஜமாஅத் முதலில் மூன்று ஆண்டு மதிப்பூதியத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு புத்தகம் வாங்கப் போகட்டும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஊர்க்கவுண்டரையும் ஊர்ப் பெரியவர்களையும், மகளிர் சுய உதவிக் குழுவினரையும் சந்தித்து, நூலகம் வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே, எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். பகலில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் மாலை நேரமே பெரும்பாலும் பொருந்தும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில்தான் வீடு வருவார்கள்; அந்த நாள்களில் கூடுதல் நேரம் திறக்கலாம்.

பொறுப்பாளராக, பள்ளிப் படிப்பை முடித்து ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. பெண் பிள்ளைகளைப் பெற்றோர் தயங்காமல் அனுப்புவார்கள். படித்த பெண்ணுக்கு ஊரில் ஒரு மதிப்பும் கிடைக்கும். அடுத்த வீட்டுப் பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திருமணம் பேசும்போது, அதை எதிர்த்துச் சொல்ல ஒரு முன்னுதாரணமும் இருக்கும்.

தனிக் கட்டடம் தேவையில்லை. ஒரு வீட்டுத் திண்ணையோ, கடையோ, ஊர்ப் பொது இடமோ போதும். மலை ஈரத்துக்கும் கரையானுக்கும் மர அலமாரியைவிட மூடியுள்ள தகரப் பெட்டி ஏற்றது. அதைக் கல்லின் மேல் தூக்கி வைக்க வேண்டும். குக்கிராமங்கள் பல என்பதால் பெட்டிகளைச் சுற்றுக்கு விடலாம். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெட்டி அடுத்த ஊருக்கு மாறினால், 200 நூல்களே நான்கு ஊர்களுக்கு எப்போதும் புதிதாக இருக்கும்.

இரண்டு நோட்டுகள் வேண்டும். ஒன்றில் வந்த நூல்களின் பட்டியல், மற்றொன்றில் எடுத்தவர் பெயரும் தேதியும். குழந்தைகளுக்குத் தாமதக் கட்டணம் வைக்கக் கூடாது. கட்டணத்துக்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பாமலே இருந்துவிடுவார்கள். கிழிந்தாலும் தொலைந்தாலும் அது நூலகத்தின் செலவு.

எந்த நூல்கள்?

வீட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியே வரும் பழைய பாடநூல்களையும் காலாவதியான வழிகாட்டி நூல்களையும் மலைக்கு அனுப்புவது உதவி அல்ல. நமக்குப் பிரியமானதிலிருந்து கொடுப்பதே நன்மை என்ற இறைவசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் விருப்பமான பைருஹா தோட்டத்தையே கொடுத்தார்கள் அல்லவா?

பாதிக்குப் பாதி, பெரிய எழுத்தும் படமும் உள்ள சிறுவர் நூல்களாக இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் போன்றவை மலிவு விலையில் தமிழ்ச் சிறுவர் நூல்களை வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அறிவியலுக்குத் 'துளிர்' இதழ் இருக்கிறது. மீதியில் போட்டித் தேர்வு நூல்கள், பயிர் வளர்ப்பு, உடல்நலம், வன உரிமைச் சட்டத்தின் எளிய விளக்கம், அரசு விண்ணப்பப் படிவங்கள் இடம்பெற வேண்டும். ஒரு நாளிதழ் மறுநாள் வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு நோட்டும் வையுங்கள். ஊர் மூத்தவர்கள் சொல்லும் கதைகள், விதைகளின் பெயர்கள், மூலிகைகள், பழைய வழித்தடங்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். அந்த ஊர் எழுதிய முதல் நூலாக அது அந்தப் பெட்டியிலேயே இருக்கும்.

நம் எல்லை எது?

இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இந்த நூலகம் நம் பெயரைப் பரப்பும் இடமல்ல, அழைப்புப் பணிக்கான களமும் அல்ல. ஏழையின் தேவையைக் காட்டி அவன் நம்பிக்கையில் கை வைப்பது தர்மம் ஆகாது. நம் மார்க்க நூல்களை அங்கே திணிக்க வேண்டாம். ஊரார் கேட்கும் நூல்களை வாங்கிக் கொடுப்போம். ஜமாஅத்தின் பெயர்ப் பலகையும் வேண்டாம், பெட்டியின் மேல் ஊர்ப் பெயர் இருக்கட்டும். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையே ஈட்டுத்தொகையாகக் கொண்டு விடுவிக்கப்பட்டதை வரலாற்றில் படிக்கிறோம். அவர்கள் அப்போது முஸ்லிம்கள் அல்லர். கல்வியை யாரிடமிருந்தும் பெறலாம் என்றால், யாருக்கும் நிபந்தனையின்றித் தரவும் வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் பொறுப்பு முழுவதும் ஊரார் கைக்குப் போய்விட வேண்டும். அதற்குள் ஊராட்சியிடமும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடமும் அவர்களே மனுக் கொடுத்து உதவி பெறப் பழகியிருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். முதல் ஆண்டு முடிவில் போய்ப் பார்க்கும்போது புத்தகங்களின் ஓரம் மடிந்தும் அட்டை தேய்ந்தும் இருந்தால், நூலகம் நடக்கிறது என்று பொருள். வாங்கியபடியே புதிதாக இருந்தால், புதுப் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டு மீண்டும் ஊராரோடு உட்கார்ந்து பேசுங்கள்.