கஞ்சமலை இரும்பும் சேலம்-நாமக்கல் சமவெளியும்

மண்ணிற் கிடக்கும் கனிவளம் ஒன்றே ஒரு நாட்டிற்குச் செல்வமாகிவிடாது. எரிபொருள், போக்குவரவு, முதல், தொழிலறிவு ஆகியவை அதனோடு ஒருங்கு கூடுதல் வேண்டும். இக்கருத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியின் இரும்பு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை-தலைமலை ஆகிய தொடர்களில் காந்த இரும்புக்கல் படிந்துள்ளது. இப்பகுதியில் இரும்புத் தொழில் மிகப் பழைமையானது. மேட்டூரை அடுத்த மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருள், 2025-இல் வெளியான தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிக்கையின்படி, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்தது. உலைக்கல், துருத்தி முதலியவற்றைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் உவமையாக ஆளுதல், இத்தொழில் மக்கள் வாழ்வோடு கலந்திருந்தமையைக் காட்டும்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு வந்தன. அக்காலத்தும் சிற்றூர்களில் மண் உலைகள் எரிந்துகொண்டிருந்தன. மலையினின்று மழைநீர் அடித்து வந்த கருமணலை அரித்தெடுத்து, மரக்கரியோடு உலையிலிட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பு பிரித்தனர். எஃகு செய்யும் முறை இதனினும் நுட்பமானது. இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை மண் மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசிச் சூளையில் உருக்கினர்.

இம்முறையைக் கண்டு எழுதியவருள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார். கும்பினிப் பணியைத் துறந்த அவர், 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பாலை நிறுவினார். பின்னர்ச் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலும் காவிரிக் கரையில் உலை அமைந்தது. உலையிற் பிறந்த இரும்பு இங்கிலாந்தின் ஷெபீல்டு நகர்வரை சென்றது. ஆயினும் 1860-களுக்குப் பின் இம்முயற்சி நிலைபெறவில்லை. பேருலைகளுக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் தொலைந்தன. கரி தொலைவிலிருந்து வரவர அடக்கவிலை உயர்ந்தது. அவ்வேளையில் நிலக்கரியால் உருக்கிய மலிவான ஆங்கில இரும்பு, கப்பலிலும் புதிய இருப்புப் பாதையிலும் வந்து சந்தையை நிரப்பியது. பேராலை வீழ்ந்ததோடு, அப்போட்டியில் நாட்டு உலைகளும் படிப்படியே அணைந்தன.

இதன் சமுதாய விளைவு ஈண்டு நோக்கத்தக்கது. வானம் பார்த்த நிலத்தை உழுவோர்க்கு உலைத்தொழிலும் கரி சுடுதலும் ஒரு துணைவாழ்வாய் இருந்தன. அத்துணை மெலிந்த காலத்தே 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. இவ்விழப்புக்கு மழையின்மையே முதற் காரணம். எனினும் மாற்றுத் தொழிலின்மை மக்களின் தாங்கும் ஆற்றலைக் குறைத்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

விடுதலைக்குப் பின் அந்நம்பிக்கை மீண்டும் தளிர்த்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியால் சேலத்து இரும்பை உருக்கலாம் என்னும் திட்டம் ஆராயப்பெற்றது. 1967 சூலையில் தமிழ்நாட்டில் ‘எழுச்சி நாள்’ கொண்டாடி இவ்வாலையைக் கோரினர். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆயினும் 1981-இல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை, கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையாய் அமையவில்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடியா எஃகைத் தகடாக்கும் ஆலையாகவே அமைந்தது. உருக்கும் பகுதி 2010-ஐ ஒட்டியே சேர்ந்தது. கஞ்சமலைக் கல்லில் இரும்பின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 35 பங்கே ஆதலின், அதனைச் செறிவாக்கும் செலவும் கருதத்தக்கது. 2019-இல் இவ்வாலையைத் தனியார்க்கு விற்க நடுவணரசு முற்பட்டபோது தொழிலாளர் எதிர்த்துப் போராடினர்.

1997-இல் தனி மாவட்டமான நாமக்கல்லின் வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. கனிவளத்தை நம்பாது, சரக்குந்துக் கூடு கட்டுதல், போக்குவரவு, கோழி வளர்ப்பு ஆகியவற்றால் அப்பகுதி உயர்ந்தது. இவை உள்ளூர் மக்களின் சிறு முதலாலும் கைத்திறனாலும் எழுந்தவை.

இவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, சேலத்து இரும்பின் தளர்ச்சிக்கு ஆட்சியாளரின் புறக்கணிப்பை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எரிபொருள் குறைபாடு இரு நூற்றாண்டாகத் தொடர்ந்து நின்ற தடையாகும். மற்றொன்று, பெருந்தொழில் வந்த இருமுறையும் உள்ளூர் உலையறிவு அதனுள் இடம்பெறவில்லை. ஆவாரங் குச்சியால் எஃகு செய்தோரின் வழிவந்தோர் பின்னர் எத்தொழிலை மேற்கொண்டனர் என்பதை ஊர்தோறும் சென்று ஆராய்தல் நம் பட்டமேல் மாணவர்க்குரிய கடமையாகும்.